பி.ஏ. கடை

"எனக்குக் கெடைக்காதும்மா. நீதான் பி.ஏ. ஆச்சே" என்று தஸ்லிமா சொன்னபோது ஷர்புன்னிசா ஒரு கம்பளியை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு கோணலாகப் போயிற்று. பிரித்துப் போட்டு மறுபடியும் மடித்தாள்.

மகள் பள்ளிக்கூடம் போய் பிளஸ் டூ மார்க் ஷீட்டை வாங்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்திருந்தாள். மார்க் நன்றாகத்தான் இருந்தது. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் போனால் சேலம் பக்கம் நல்ல கல்லூரியே கிடைக்கும் என்று டீச்சர் சொன்னாராம். கூடவே இன்னொன்றும் சொன்னாராம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கப் போகிற பிள்ளைக்கு டியூஷன் கட்டணத்தை அரசாங்கமே கட்டிவிடுகிறது. இந்த மாநிலத்துப் பிள்ளையாக இருக்க வேண்டும், வீட்டில் அதற்கு முன்னால் ஒருத்தரும் டிகிரி முடித்திருக்கக் கூடாது, தாலுகா ஆபீசில் சான்றிதழ் வாங்கினால் போதும். வகுப்பில் பாதிப் பேர் கை தூக்கினார்கள். தஸ்லிமா தூக்கவில்லை.

"எங்கம்மா பி.ஏ. எகனாமிக்ஸ் மிஸ்னு சொன்னேன். மிஸ்ஸே அப்டியான்னு கேட்டாங்க." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, பெருமைதான் இருந்தது. "பரவால்லம்மா. அத்தாவால அவ்ளோ ஃபீஸ் கட்ட முடியாதுன்னு எனக்குத் தெரியும். இங்கயே பக்கத்துல எதுனா டிகிரி சேந்துக்கறேன். நீ படிக்கல?"

பாவி மகள், திட்டியிருந்தாலாவது தாங்கியிருக்கலாம்.

இந்த பி.ஏ. எப்படி வந்தது என்று சொல்லிவிடுவது நல்லது. ஷர்புன்னிசா சங்கராபுரத்துப் பெண். பிளஸ் டூ முடித்ததும் வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்ப அவள் அப்பா நூர் முகமதுவுக்கு மனம் வரவில்லை. படிக்காதே என்று சொல்லவும் மனம் வரவில்லை. அஞ்சல் வழியில் சேர்த்துவிட்டார். தபால்காரர் கொண்டு வந்து போடும் பாடப் புத்தகங்களை அடுப்படியில் உட்கார்ந்தே படித்து, கடைசி வருடப் பரீட்சையை எழுதிய கையோடு நிக்காஹ் நிச்சயமாயிற்று. பத்திரிகை அடிக்கிற இடத்தில்தான் வினை. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் ஒரு பட்டம் இல்லாவிட்டால் அச்சாபீஸ்காரனே ஒரு மாதிரி பார்ப்பான். "எழுதியாச்சில்ல, அப்புறம் இன்னா? ரிசல்ட் வர்றப்ப வரட்டும்" என்று நூர் முகமது ஷர்புன்னிசா பி.ஏ. என்று தடித்த எழுத்தில் போடச் சொல்லிவிட்டார். அந்தப் பத்திரிகை மூன்று தாலுகாவுக்குப் போனது. ரிசல்ட் அதற்குப் பிறகு வந்தது. எல்லாப் பேப்பரும் பாஸ், புள்ளியியலில் மட்டும் இரண்டு மார்க் குறைச்சல்.

அது தெரிந்த ஒரே ஆள் அவள் புருஷன் அப்துல் ஜப்பார். கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அடுத்த தபா எழுதிக்கலாம், வுடு" என்றான். அடுத்த தபாவும் வந்தது. பரீட்சைக்கு விழுப்புரம் போகிற பஸ்ஸில் தியாகதுருகம் தாண்டுவதற்குள் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி; தஸ்லிமா வயிற்றில் இருந்த நேரம். இறங்கித் திரும்பி வந்துவிட்டாள். அதற்கடுத்த தடவை மாமியார் படுத்த படுக்கை. அதற்கப்புறம் பாடத்திட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கடிதம் வந்தது. அத்தோடு போயிற்று.

ஆனால் ஊர் அவளை விடவில்லை. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் ஜப்பார் வைத்திருந்தது ரெடிமேடும் கம்பளியும் விற்கிற சின்னக் கடை. மலையிலிருந்து இறங்கி வருகிற ஜனம்தான் முக்கால்வாசி. கரியாலூர், வெள்ளிமலை என்று கல்வராயன் மலை மேலிருந்து காலை பஸ்ஸில் கடுக்காயும் புளியும் கொண்டு வந்து போட்டுவிட்டு, பிள்ளைகளுக்குச் சட்டையும் குளிருக்குக் கம்பளியும் எடுத்துக்கொண்டு போவார்கள். கடையில் ஒரு பி.ஏ. படித்த அம்மா இருக்கிறாள் என்று யாரோ சொல்லப்போக, பேங்க் சலானும் மனுவும் அவளிடம் வந்தன. அவளும் எழுதிக் கொடுத்தாள். நல்ல கையெழுத்து. போர்டில் என்னவோ பேர் எழுதியிருந்தாலும் மலை ஜனத்துக்கு அது பி.ஏ. கடைதான். "இல்லைங்க, நான் இன்னும் முடிக்கலை" என்று ஆரம்பத்தில் ஒருமுறை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் பி.ஏ.ம்மா என்று யாராவது கூப்பிடும்போது உள்ளே ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆசை யாரை விட்டது?

மத்தியானம் ஜப்பாருக்குச் சோறு போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவன் ரசத்தைப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டான்.

"சொல்லிட வேண்டிதான்" என்றான்.

"இன்னான்னு சொல்றது? இத்தன வருசமா ஊர ஏமாத்திக்கினு இருந்தேன்னா?"

"நீ எங்க ஏமாத்தின. உங்கப்பா அடிச்ச பத்திரிகை அது." கையை நக்கிக்கொண்டு அவளைப் பார்த்தான். "நான் உன்னத்தான் கட்டிக்கினேன். பி.ஏ.வ இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கென்ன, உன் பேருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, பறிபோகவும் ஒன்றும் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படி நினைத்ததற்காக உடனே வருத்தப்பட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

அன்று சாயங்காலமே தஸ்லிமாவிடம் சொல்லிவிட்டாள். பெரிய முஸ்தீபு ஒன்றும் இல்லை, துணி மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், "நான் பி.ஏ. முடிக்கல. ஒரு பேப்பர் நின்னுபோச்சு" என்றாள். தஸ்லிமா முதலில் நம்பவில்லை. விளையாடுகிறாயா என்றாள். இல்லை என்று தெரிந்ததும் அவள் கண் விரிந்தது.

"அப்ப எனக்குக் கெடைக்குமா?"

அவ்வளவுதான் கேட்டாள். துள்ளிக் குதிக்காத குறை. ஒரு நிமிடம் கழித்துத்தான் அம்மா முகத்தைப் பார்த்தாள், பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொண்டாள், "இன்னா இப்ப" என்றாள். அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, அதை ஷர்புன்னிசாவால் விழுங்க முடியவில்லை. அதே சமயம் பெற்றவளுக்கு வயிறு குளிர்ந்தும் போயிற்று. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

மனு போட்டார்கள். நாலைந்து நாளில் வி.ஏ.ஓ. தெய்வசிகாமணி விசாரணைக்குக் கடைக்கே வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிற, ரிட்டயர்மெண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மனுஷன். அவர் வந்த நேரம் பார்த்துக் கரியாலூர் குஞ்சம்மாள் கடையில் உட்கார்ந்திருந்தாள். மகளிர் குழுக் கடனுக்கு மனு எழுதி வாங்கிக்கொண்டு போக வந்தவள்.

"வீட்ல யாரும் டிகிரி முடிக்கலன்னு போட்டிருக்கீங்க" என்றார் தெய்வசிகாமணி.

"ஆமாங்க சார்."

"இன்னா சார் கேக்கற?" என்று குஞ்சம்மாள் எழுந்தே விட்டாள். "இந்தம்மா பி.ஏ. சார். எங்க மலை முழுக்கக் கேட்டுப் பாரு. தமிழு, இங்கிலீசு எல்லாம் அது கை படாம ஒரு காயிதம் கீழ இறங்காது."

"குஞ்சம்மா, நீ சித்த சும்மா இரு" என்றாள் ஷர்புன்னிசா.

"நா இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? படிச்சத படிக்கலன்னு யாருனா எழுதிட்டா வுட்டுருவமா?"

பக்கத்துப் பாத்திரக் கடைக்காரர் சுப்புராயனும் எட்டிப் பார்த்து, "இவங்க கல்யாணப் பத்திரிகை எங்க வூட்ல இன்னும் இருக்கு சார், பி.ஏ.ன்னு போட்டு" என்று தன் பங்கைச் செய்துவிட்டுப் போனார். நல்லது செய்கிறோம் என்று அவர்களுக்கு நினைப்பு. தெய்வசிகாமணி பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டார்.

"உங்க கையெழுத்து எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்மா. பி.ஏ.ம்மா எழுதினதுன்னுதான் சொல்லுவோம். இப்ப நான் யார நம்பறது? பாஸ் பண்ணலன்றதுக்கு எதுனா ஆதாரம் கொண்டாங்க."

பாஸ் பண்ணினதற்கு ஆதாரம் கேட்டுத்தான் உலகத்தில் எல்லோரும் அலைவார்கள். இவள் ஃபெயிலானதற்கு ஆதாரம் தேடி விழுப்புரம் பஸ் ஏறினாள். பழைய மார்க் ஷீட்டை மாமியார் இறந்த வருடம் வீடு மாற்றும்போது கரையான் தின்றுவிட்டிருந்தது. வி.ஏ.ஓ. வந்துபோனதற்குப் பிறகு குஞ்சம்மாளிடமும் உண்மையைச் சொல்லியாயிற்று. குஞ்சம்மாள் கையிலிருந்த மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப மனு செல்லுமா?" என்று மட்டும் கேட்டாள். செல்லும் என்றாள் ஷர்புன்னிசா. குஞ்சம்மாள் மனுவை மடித்து மடியில் வைத்துக்கொண்டு போனாள். போகும்போது எப்போதும் சொல்கிற பேரைச் சொல்லிக் கூப்பிடாமல் "வரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அஞ்சல் வழிப் படிப்பு மையத்தில் இருந்த குமாஸ்தாவுக்குத் தஸ்லிமாவைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். கம்ப்யூட்டரில் தேடி, கிடைக்காமல், உள்ளே போய்த் தூசி படிந்த ஒரு பெரிய புத்தகத்தைத் தூக்கி வந்து, அவள் பேரைக் கண்டுபிடித்துவிட்டான். "புள்ளியியல் ஒண்ணுதான் மேடம் நிலுவை" என்றான். மேடம் என்று சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

"அதையே எழுதிக் குடுங்க தம்பி. முடிக்கலன்னு."

அவன் தட்டச்சு செய்துகொண்டே நிமிர்ந்தான். "நல்ல நேரத்துல வந்திருக்கீங்க மேடம். பழைய ஸ்டூடண்ட்ஸுக்கெல்லாம் இந்த டிசம்பர்ல ஸ்பெஷல் சான்ஸ் குடுக்கறாங்க. பழைய சிலபஸ்லயே எழுதலாம். இதான் கடைசி, இதுக்கப்புறம் கெடையாது. ஃபார்ம் தரட்டுமா?"

இத்தனை வருடத்தில் அவள் ஏங்கியதெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்குத்தான். ஒரு பேப்பர். மூன்று மணி நேரம். பாஸானால் அந்தப் பத்திரிகையில் அப்பா போட்டது பொய் இல்லை என்று ஆகிவிடும். மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட அந்த மனுஷனுக்கு அதுவாவது ஒரு நல்ல பேர். ஃபார்மை வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது பைக்குள் கையை விட்டு விட்டு அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

தெய்வசிகாமணி தன் ஆபீசில் மையத்தின் கடிதத்தைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒரு தாள் நிலுவை என்பது வரைக்கும் தலையாட்டினார். அதற்குக் கீழே, டிசம்பரில் இறுதி வாய்ப்பு உண்டு என்று அந்தப் பையன் வேலை மெனக்கெட்டு ஒரு வரி சேர்த்திருந்தான். அங்கே வந்து நின்றுவிட்டார்.

"இது இன்னாம்மா?"

"அது பொதுவா எல்லாருக்கும் குடுக்கறதுங்க சார்."

"நான் இப்ப உங்க பொண்ணுதான் மொதல் பட்டதாரின்னு எழுதி அனுப்பறேன். டிசம்பர்ல நீங்க பாஸ் பண்ணிட்டா? உங்களுக்கு ஊர்ல இருக்கற பேருக்கு, பாஸ் பண்ணா மறுநாளே மேளம் அடிப்பாங்க. எவனாச்சும் ஒரு மொட்டைக் கடுதாசி போட்டா எம் பென்ஷன் நிக்கும். உங்க பொண்ணு பாதிப் படிப்புல நிக்கும்." அவர் குரல் தணிந்திருந்தது. "ரூல்ல இருக்கா இல்லயான்னு எனக்குத் தெரியலம்மா. எம் பயத்துக்குக் கேக்கறேன். பொண்ணு படிப்பு முடியற வரைக்கும் நான் எந்தப் பரீட்சையும் எழுத மாட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. நான் இன்னிக்கே ரெகமெண்ட் பண்ணிடறேன்."

கூட வந்திருந்த ஜப்பார் கோபப்பட்டான். "அதெப்டி சார் எழுதிக் கேப்பீங்க?" என்றான். தெய்வசிகாமணி மேஜை மேலிருந்த காலண்டரைத் திருப்பி வைத்தார். கவுன்சிலிங்குக்கு இன்னும் சில நாட்களே இருந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். ஷர்புன்னிசா புருஷனின் கையைத் தொட்டு நிறுத்தினாள். வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினாள். எத்தனையோ பேருக்கு மனு எழுதிய கை. முதல் தடவையாகத் தனக்காக எழுதியது. பெயர், புருஷன் பெயர், விலாசம், பொருள். எழுத்து வழக்கம்போல முத்து முத்தாக விழுந்தது. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கீழே கையெழுத்துப் போடும்போது வெறும் ஷர்புன்னிசா என்று போட்டாள்.

வெளியே வந்ததும் ஜப்பார், "நீ எழுது. எவன் வந்து பாக்கப்போறான்" என்றான்.

"எல்லாரும் பாப்பாங்க" என்றாள் அவள்.

தஸ்லிமாவுக்கு இதைச் சொல்லவில்லை. சேலம் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. பெட்டியும் தலையணையும் பக்கெட்டுமாக ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணினாள். கணக்கு கஷ்டமாக இருக்கிறது என்றாள், பிறகு அவ்வளவு கஷ்டம் இல்லை என்றாள். ஊரில் சேதி மெல்லப் பரவியிருந்தது. சுப்புராயன் முன்னைவிட மரியாதையாகப் பேசினார், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மலை ஜனம் மட்டும் பேரை மாற்றவில்லை. குளிர் தொடங்கிக் கம்பளிக்குக் கூட்டம் வந்தபோது, ஒரு புதுப் பெண்பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்கி வழியில் நின்று, "பி.ஏ. கடை எதுங்க?" என்று சுப்புராயனிடமே கேட்டாள். அவர் கையைக் காட்டினார்.

டிசம்பரில் பரீட்சை ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேதி அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஜப்பார் கேட்கவில்லை. சித்தி மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். விழுப்புரத்தில் அவளுக்குச் சித்தி மகள் யாரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். "குடை எடுத்துக்கினு போ, மழை வரும் போல கீது" என்றான்.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடை ஓரமாக நின்றாள். உள்ளே போகிறவர்கள் யாரும் பிள்ளைகள் இல்லை. தொப்பை வைத்தவர்கள், நரைத்தவர்கள், பேரப்பிள்ளையை வெளியே யார் மடியிலோ உட்கார வைத்துவிட்டுப் போன ஒரு அம்மாள். எல்லோர் கையிலும் ஹால் டிக்கெட். அவளுடைய ஃபார்ம் நிரப்பாமலே வீட்டில் கிடந்தது. மணி அடித்ததும் கேட்டைச் சாத்தினார்கள். அவளை யாரும் விரட்டவில்லை. மூன்று மணி நேரமும் அங்கேயே இருந்தாள். ஒரு டீ குடித்தாள், தூறலுக்குக் குடையை விரித்தாள், மடக்கினாள். என்ன கேட்டிருப்பார்கள் என்று மனதுக்குள் ஒவ்வொரு பாடமாகப் புரட்டினாள். போய் உட்கார முடியாவிட்டாலும் கேள்வியாவது தெரிந்தால் போதும் என்று தோன்றியது.

கேட் திறந்ததும் முதலில் வந்த வழுக்கைத் தலைக்காரரை நிறுத்தினாள். "அண்ணே, புள்ளியியல்தான எழுதினீங்க? அந்தக் கொஸ்டின் பேப்பர ஒரு தபா பாக்கலாங்களா?"

"நீங்களே வெச்சிக்குங்கம்மா. நான் பாத்து இன்னா ஆவப்போவுது" என்று அவள் கையில் திணித்துவிட்டு அவர் பீடிக்குக் கடையைப் பார்த்துப் போனார்.

உளுந்தூர்பேட்டை வரைக்கும் அதை விரிக்கவில்லை. அங்கே பஸ் கால் மணி நேரம் நின்றது. டிரைவர் சாப்பிடப் போனார். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பின, ஜன்னலுக்குக் கீழே வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் தட்டை உயர்த்திக் காட்டினாள். ஷர்புன்னிசா வினாத்தாளை மடியில் வைத்து நீவிவிட்டாள். முதல் பெரிய கேள்வி, கொடுத்திருக்கிற எண்களுக்குத் திட்ட விலக்கம் காண்க. பார்த்ததுமே வழி தெரிந்தது. மறக்கவில்லை, ஒன்றும் மறக்கவில்லை. பையில் பேனா இருந்தது, தாள்தான் இல்லை. வினாத்தாளின் பின்பக்கத்தில் ஓரமாகக் கோடு கிழித்து மார்ஜின் விட்டுக்கொண்டு சராசரி கண்டாள், வித்தியாசம் எடுத்தாள், வர்க்கம் போட்டுக் கூட்டினாள். வியர்த்தது. வர்க்கமூலத்தைக் கையால் போட்டுப் பார்த்து விடைக்குக் கீழே இரட்டைக்கோடு இழுத்தாள். சரியா தப்பா என்று சொல்ல ஆள் இல்லை.

போனை எடுத்தாள்.

"அம்மா, எங்க இருக்க? ஒரே ஹாரனா கேக்குது" என்றாள் தஸ்லிமா.

"வெளிய வந்தேன். ஒண்ணு கேக்கறேன், கால்குலேட்டர்ல போட்டுச் சொல்லு. ஒரு பொண்ணு டவுட் கேட்டுச்சு." எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். இன்ன முறையில் போட வேண்டும் என்பதையும் சொன்னாள்.

அந்தப் பக்கம் பட்டன்கள் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு தஸ்லிமா ஒரு விடையைச் சொன்னாள். ஷர்புன்னிசா மடியில் இருந்த தாளைப் பார்த்தாள். அதேதான். தசம புள்ளிக்குப் பிறகும் அதேதான்.

"வந்துச்சாம்மா?"

"ம்."

போனில் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. கட் ஆகிவிட்டதோ என்று ஷர்புன்னிசா காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். ஆகவில்லை. மறுபடி வைத்தபோது மகளின் குரல் வேறு மாதிரி, மெதுவாக வந்தது.

"அந்தப் பொண்ணுக்கு அடுத்த கணக்கு இருந்தாலும் கேளும்மா. நான் லைன்லயே இருக்கேன்."

டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். கண்டக்டர் கள்ளக்குறிச்சி கள்ளக்குறிச்சி என்று பக்கத்தைத் தட்டினார். பஸ் அதிர ஆரம்பித்தது. ஷர்புன்னிசா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஆடுகிற தாளை இடது கையால் அழுத்திப் பிடித்து, இரண்டு என்று எழுதி வட்டம் போட்டாள்.